பரு மாத்திரையும் கருவும்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா விழுந்த செய்தி கவலையாக இருந்தது. இப்போது எதையும் பிடிக்காமலே நடக்கிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. நான் மே மாதத்தோடு கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் விலங்கியல் என்னை விடவில்லை, தெருப் பிள்ளைகள் நீட்டுக்குப் படிக்க வருகிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கல்யாணம் நிச்சயமான பெண் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறாள், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கர்ப்பம் கூடவே கூடாது என்கிறார் டாக்டர், தோலுக்கான மாத்திரை வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று எழுதியிருந்தாய். டாக்டர் சொன்னது முழுக்கச் சரி.

அது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. நாம் சாப்பிடும் வைட்டமின் ஏ-யில் ஒரு பங்கை உடம்பு ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் செல்லின் உட்கருவுக்குள்ளேயே போய்விடும். அங்கே சில மரபணுக்களை ஒட்டி, டிஎன்ஏ மீது, இந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. அமிலம் வராதவரை அவை அந்த மரபணுவை அடக்கி வைத்திருக்கும். அமிலம் வந்து ஒட்டியதும் அடக்கும் கூட்டாளிகள் விலகி, தூண்டும் புரதங்கள் சேர்ந்து, மரபணு வேலையைத் தொடங்கும். இந்த ஏற்பியை 1987-இல் பிரான்ஸில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன.

எனக்கு இதில் தீராத வியப்பு, கரு இந்த அமிலத்தை எங்கே வைத்துக்கொள்கிறது என்பதுதான். சுண்டெலிக் கருவில் உடல் நடுப்பகுதியில் ஒரு நொதி அதைத் தயாரிக்கிறது. தலைப்பக்கமும் வால்நுனியிலும் வேறு நொதிகள் அதே அமிலத்தை அழிக்கின்றன. ஒரே அமிலம், ஒரு பக்கம் உற்பத்தி, பக்கத்திலேயே அழிப்பு! அதனால் இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது. பின்மூளையின் எந்தப் பகுதி எதுவாக வேண்டும் என்று சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்களில் சில, அந்த அளவைப் பார்த்துத்தான் விழிக்கின்றன. தயாரிக்கும் நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிக் கரு பாதிக் கர்ப்பகாலத்திலேயே இறந்துவிடுகிறது.

வைட்டமின் ஏ குறைந்தாலும் கேடுதான். 1933-இல் டெக்சஸில் ஃப்ரெட் ஹேல் என்ற ஆய்வாளர், வைட்டமின் ஏ இல்லாத தீனி தின்ற ஒரு பன்றி ஈன்ற 11 குட்டிகளுக்கும் கண்விழியே இல்லை என்று எழுதினார். பரம்பரைக் குறை என்று தோன்றும். ஆனால் அந்தக் குருட்டுப் பன்றிகளுக்கே நல்ல தீனி கொடுத்து இனம் சேர்த்தபோது குட்டிகள் கண்ணோடு பிறந்தன.

ஐசோட்ரெட்டினாயின் செய்வது நேர்மாறு. உடம்பில் அதன் ஒரு பங்கு ரெட்டினாயிக் அமிலமாகவே மாறுகிறது, இருக்கக்கூடாத இடங்களிலும் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் 1982-இல் விற்பனைக்கு வந்தது. ஓரிரு ஆண்டுகளில், காது சிறுத்தோ இல்லாமலோ, இதயக் குறையோடு, தைமஸும் (நோய் எதிர்ப்புச் செல்கள் முதிரும் நெஞ்சுச் சுரப்பி) மூளையும் சரியாக வளராமல் குழந்தைகள் பிறப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். இந்தச் சேதம் முதல் சில வாரங்களிலேயே நேர்கிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனிக்கும் முன்பே நேர்ந்துவிடலாம். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே இவ்வளவு கண்டிப்பு. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் என்றால் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்வார்கள்.

முருங்கைக்கீரை, காரட் பற்றிப் பயப்படாதே. அதிலிருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு தேவைக்குத்தான் மாற்றும். கர்ப்பகாலத்தில் மட்டும் ஈரலும் டாக்டர் சொல்லாத வைட்டமின் ஏ மாத்திரையும் வேண்டாம்.

முகூர்த்தத் தேதியை அவள் தோல் டாக்டரிடம் இப்போதே சொல்லட்டும், மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்வார். மீதியிருக்கும் மாத்திரை அட்டையைத் தோழிகளுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவை. அப்புறம், தேதி முடிவானதும் எனக்கு எழுது, டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
வசந்தா