ராஜி, அந்த டப்பாவை மூடி வை

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராஜி,

பார்சல் வந்து சேர்ந்தது. முறுக்கு ஒன்றுகூட நொறுங்கவில்லை. புடவை நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது, அவருக்குச் சட்டை அளவும் சரியாக இருக்கிறது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இப்போது பேப்பரில் ராசிபலன் வரை படிக்கிறார். இங்கே அவ்வளவுதான் செய்தி.

இனி பார்சலில் இருந்த அந்தப் பச்சை டப்பா, உன் அக்கா மகன் விற்கிற, நீயும் சாப்பிடுகிற எடை குறைப்பு மாத்திரை. நேற்று போனில் நான் பதறியதும் நீ சிரித்தாய். "கல்பாசி தானேடி, உங்க ஊர் குழம்புல போடாததா?" என்று கேட்டாய். உன் அக்கா மகன் ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரை காட்டினான், அதில் ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் ரேடிகல்களை அடக்குவது, என்று போட்டிருந்தது என்றாய். அப்புறம் பால்காரர் வந்துவிட்டார், போனை வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் ஒரு வாக்கியம் முடிக்க முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்று. இதைப் படித்து முடிக்கும் வரைக்கும்கூடக் காத்திருக்காதே, அந்த மாத்திரையை இப்போதே நிறுத்திவிடு.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். உஸ்னியா சாறு என்று இருக்கிறது. அது கல்பாசி இல்லை, ராஜி. இரண்டும் லைக்கன் வகைதான்; பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடலாக வாழ்கிற உயிர். ஆனால் உஸ்னியா மரக்கிளையில் சாம்பல்பச்சைத் தாடி மாதிரி தொங்குவது. கொடைக்கானல் டூரில் புவனா தலையில் சுற்றிக்கொண்டு சாமியார் வேஷம் போட்டாளே, அதுதான். அதில் உஸ்னிக் அமிலம் என்று மஞ்சள் நிறப் பொருள் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்குகிற கல்பாசியில் பெரும்பாலும் பார்மோட்ரீமா வகை இருக்கும். அதில் இருப்பவை அட்ரனோரின், ஸ்டிக்டிக் அமிலம் போன்ற வேறு பொருட்கள். அதையும் நாம் எவ்வளவு போடுகிறோம்? ஒரு சட்டி குழம்புக்கு இரண்டு இதழ். அதுவும் வாசனைக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. உஸ்னிக் அமிலம் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. அசிட்டோனிலும் குளோரோஃபார்மிலும் நன்றாகக் கரையும். சாறு என்று விற்கிறவர்கள் கரைப்பான் ஊற்றி அதைத்தான் இழுத்து எடுக்கிறார்கள். பாட்டி கஷாயம் வைத்துக் குடித்தாள் என்பதை வைத்து இந்த மாத்திரைக்கு நற்சான்று கொடுக்க முடியாது. கஷாயத்தில் இறங்கியது வேறு, இதில் இருப்பது வேறு.

சரி, அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். பொய் என்று சொல்ல மாட்டேன். என்னிடம் எம்.ஃபில். செய்த பிள்ளைகளே லைக்கன் சாற்றில் அதே சோதனையைச் செய்திருக்கிறார்கள். டி.பி.பி.எச். என்று கருஊதா நிறத்தில் ஒரு கரைசல். அதில் இருப்பது ஒரு ரேடிகல், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு இருக்கிற மூலக்கூறு. மெத்தனாலில் எடுத்த சாற்றை அதில் சேர்த்து இருட்டில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, 517 நானோமீட்டரில் நிறம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். ஊதா போய் மஞ்சளானால் சாறு அந்த ரேடிகலுக்கு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்து அடக்கிவிட்டது என்று அர்த்தம். அழகான சோதனை. நம்ம காலேஜ் லேப் பெருமாள் அண்ணன் இருந்திருந்தால் குழாயைத் தூக்கிப் பிடித்து "பாப்பா, கலர் போயிருச்சு" என்று லேபையே கூட்டியிருப்பார்.

ஆனால் அது கண்ணாடிக் குழாய். அதில் குடல் இல்லை, ரத்தம் இல்லை, ஈரல் இல்லை. சாறு உள்ளே போய் எவ்வளவு உறிஞ்சப்படும், ஈரல் அதை என்னவாக மாற்றும், மாறியது என்ன செய்யும், எதையும் அந்த ஊதா நிறம் சொல்லாது. அது சொல்வது அந்தக் குழாய்க்குள் அந்த அரைமணி நேரத்தில் நடந்ததை மட்டும்தான்.

உஸ்னிக் அமிலம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரிந்த விஷயம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா எப்படிச் சக்தி எடுக்கிறது என்று காலேஜில் கமலா மேடம் போர்டு முழுக்க வரைந்தது நினைவிருக்கும். உட்சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைத் தேக்கி, அவை திரும்பி வருகிற வேகத்தில் ஏ.டி.பி. என்ற, செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மூலக்கூறைச் செய்வது. உஸ்னிக் அமிலம் அந்த அணையில் ஓட்டை போடுகிறது. புரோட்டான்கள் வேலை செய்யாமலே இந்தப் பக்கம் வந்துவிடும். சாப்பாடு எரியும், சக்தி கிடைக்காது, எல்லாம் சூடாகப் போகும். உன் எடை குறைவது அதனால்தான். வேலை செய்கிறது என்று நீ சந்தோஷப்பட்டாயே, அந்த வேலையே நஞ்சு.

1930-களில் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்று ஒரு மாத்திரை இதே வழியில் எடை குறைத்தது. கண்புரை வந்தது, உயிர்களும் போயின. 1938-இல் மனிதர் உட்கொள்ளத் தகுதியே இல்லாதது என்று அரசு சொல்லிவிட்டது. அதே கதை லைக்கன் வழியாகத் திரும்பி வந்தது. லிப்போகினெட்டிக்ஸ் என்ற எடை குறைப்பு மாத்திரையில் உஸ்னிக் அமிலத்தின் சோடியம் உப்பு இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு ஈரல் அழற்சியும் ஈரல் செயலிழப்பும் வந்து, 2001 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரித்தது. அதில் வேறு பொருட்களும் கலந்திருந்ததே என்று உன் அக்கா மகன் கேட்பான். கேட்கட்டும். உஸ்னிக் அமிலத்தை மட்டும் தினம் 500 மில்லிகிராம் சாப்பிட்ட 28 வயதுப் பெண் ஒருத்திக்கு இரண்டே வாரத்தில் ஈரல் போய், மாற்று ஈரல் வைக்க வேண்டி வந்தது. 2004-இல் மருத்துவ இதழில் பதிவான நிகழ்வு அது.

இதைவிட என்னை உலுக்குவது ஒன்று உண்டு. எலியின் ஈரல் செல்களை வளர்த்து அதில் உஸ்னிக் அமிலம் விட்டுப் பார்த்தபோது, மைட்டோகாண்ட்ரியா முடங்கி, செல்லுக்குள் ஆக்ஸிஜன் ரேடிகல்களின் தாக்கு கூடித்தான் செல்கள் செத்தன. ரேடிகலை அடக்கும் என்று சொல்லி விற்கிற பொருள் ஈரலுக்குள் போய் ரேடிகலைக் கிளப்பிவிடுகிறது! இதை அந்த டப்பாவின் முன்பக்கம் யாரும் போட மாட்டார்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது என்ற நம்பிக்கை லைக்கனோடு நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. தினம் பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற எதிர்பார்ப்பு. 1994-இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டில் இருக்கிற பொருள்தான் ராஜி. கேரட் சாப்பிடுவதில் ஒரு பயமும் இல்லை. பிரித்தெடுத்து, குவித்து, மாத்திரையாக்கி தினம் கொடுத்தபோது கதை மாறிவிட்டது.

லைக்கனே விஷம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. எனக்கு அந்த உயிர் மேல் எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்ந்து, வெறும் பாறையில் வாழ்கிறது! ஜெர்மனியில் ஐஸ்லாந்துப் பாசி என்ற லைக்கனின் வழவழப்பை வறட்டு இருமலுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் சைலேயம் என்ற பெயரில் கல்பாசி மருந்தாக உண்டு. உஸ்னிக் அமிலமேகூட சில பாக்டீரியாக்களைக் கொல்லும், தோலில் பூசும் களிம்புகளில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் லைக்கன் இந்தப் பொருட்களையெல்லாம் தன்னைத் தின்ன வருகிறவர்களிடமிருந்து தப்பிக்கத்தானே பெருமளவு செய்துவைக்கிறது? வட ஐரோப்பாவில் லெத்தாரியா என்ற மஞ்சள் லைக்கனை இறைச்சியில் வைத்து ஓநாயைக் கொன்றிருக்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவின் வயோமிங்கில் தரையில் கிடந்த ஒரு லைக்கனைத் தின்று 400-க்கும் மேற்பட்ட எல்க் மான்கள் எழுந்து நிற்க முடியாமல் செத்தன. அந்த லைக்கனிலும் உஸ்னிக் அமிலம் உண்டு. பனிமான் மட்டும் குளிர்காலம் முழுக்க லைக்கனைத் தின்று தேறிவிடும். அதன் இரைப்பையில் இருக்கிற பாக்டீரியாக்கள் உஸ்னிக் அமிலத்தைச் சிதைத்துவிடுகின்றன. உன் வயிற்றில் அப்படி யாரும் குடியிருக்கவில்லை.

அதே பனிமான் வழியாக இன்னொரு பயமும் இருக்கிறது. லைக்கனுக்கு வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். 1986-இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது கதிரியக்கச் சீசியம் லைக்கனில் இறங்கி, அதைத் தின்ற பனிமானின் உடலில் சேர்ந்து, ஸ்வீடனில் பனிமான் வளர்க்கும் சாமி என்ற பழங்குடி மக்கள் இறைச்சியை மலைமலையாக அழிக்க வேண்டி வந்தது. ஈயம், காட்மியம் எல்லாம் அப்படித்தான் சேரும். அந்த டப்பாவில் எந்தக் காட்டில், எந்தச் சாலையோரத்தில் பறித்தது என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு மாத்திரையில் உஸ்னிக் அமிலம் எத்தனை மில்லிகிராம் என்பதும் இல்லை.

உன் அக்கா மகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன், கடன் வாங்கி ஏஜென்சி எடுத்திருக்கிறான், அவனுக்கும் இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. சண்டை போட வேண்டுமென்றால் எனக்கு போன் பண்ணட்டும். ஆனால் இன்னும் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறான் என்று நீ கேட்டே ஆக வேண்டும். புவனாவுக்கும் ஒரு டப்பா போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். அவளுக்கு ஏற்கெனவே ஈரலில் கொழுப்பு.

நாளைக்குக் காலையில் லிவர் டெஸ்ட் எடுத்துவிடு. டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டு, மறைக்காதே. நீ தைராய்டுக்கும் சுகருக்கும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் சேர்த்துச் சொல். பசி குறைந்தாலோ, சிறுநீர் கருமஞ்சளாகப் போனாலோ, உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எடை குறைக்க வேண்டுமென்றால் இங்கே வா, ஊருணியைச் சுற்றி இரண்டு பேரும் நடக்கலாம், நீ பேசிக்கொண்டே வா.

ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வரி போட்டால் நான் நம்ப மாட்டேன், எண்கள் வேண்டும்.

உன்,
மீனா

பி.கு.: நீ எனக்கு அனுப்பிய டப்பாவைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. கல்லூரியில் இப்போது இருக்கிற பெண்ணிடம் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.