மேல்தாடைக் கரும்பூஞ்சை நோயாளிகளுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பகுதி நண்பர்களுக்கு வணக்கம்.

கரும்பூஞ்சை (மியூக்கர்) ரத்தக்குழாயை அடைத்து எலும்பைச் சாகடிக்கும். ரத்தம் ஓடாத எலும்புக்கு மருந்தும் போய்ச் சேராது. அதனால் இந்நோயில் தாமதம்தான் பெரிய பகை. சர்க்கரை நோயாளிக்கு மேல்வரிசைப் பற்கள் சேர்ந்தாற்போல ஆடி, கன்னமும் மரத்திருந்தால், பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடாமல் உடனே ஸ்கேனுக்கு அனுப்பிய பல் மருத்துவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. மலையாளத்தில் இருந்த பழைய மருந்துச் சீட்டுகளைப் படித்து, இந்நோய்க்கு வழிவிடும் ஸ்டீராய்டு எடுத்ததைக் கண்டுசொன்ன ஆஷா பணியாளர்களுக்கும் நன்றி.

ஆய்வகத்தாருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். திசுவின் ஒரு பாதியைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலும், பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதற்கான மறுபாதியை நார்மல் சலைன் எனும் உப்புநீரிலும் கேட்டு வாங்கினீர்கள். ஃபார்மலினில் விழுந்த பூஞ்சை வளராது. வளர்ப்புத் துண்டை அரைக்காமல் பொடியாக நறுக்கினீர்கள். குறுக்குச்சுவர் அரிதான இந்த இழைகள் அரைத்தால் உடைந்து செத்துவிடும். கேஓஹெச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் வைத்துப் பார்த்து, "அகன்ற ரிப்பன் போன்ற இழை, செங்கோணக் கிளை" என்று அன்றே போனில் சொன்னீர்கள். அந்த ஒரு வரிதான் மருந்தைத் தீர்மானித்தது. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோல் மருந்து மியூக்கரிடம் பலிக்காது. ஆஸ்பர்ஜில்லஸைக் கண்டுபிடிக்கும் காலக்டோமன்னன் பரிசோதனையும் மியூக்கரைக் காட்டாது. அது நெகட்டிவ் என்று யாரும் அசட்டையாக இருக்கவில்லை.

மியூக்கருக்கான மருந்து லிப்போசோமல் ஆம்போடெரிசின், தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குத் தினம் 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பி 6. விடுமுறை நாளிலும் குப்பி தேடித் தந்த மருந்தாளுநர்களை மறக்க முடியாது. செவிலியர்களே, மருந்தை 5 சத டெக்ஸ்ட்ரோஸ் எனும் சர்க்கரைக் கரைசலில் மட்டுமே கலந்தீர்கள். சலைன் பட்டால் திரிந்துவிடும். சிறுநீரகத்தைக் காக்க முன்கூட்டியே சலைன் ஏற்றியபோதும், பிறகு குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிய பின்தான் மருந்தைத் தொடங்கினீர்கள். பொட்டாசியம், மெக்னீசியம், கிரியேட்டினின் குறிப்புகள் ஒரு நாளும் விடுபடவில்லை. இந்த மருந்தால் பொட்டாசியம் இறங்குவது பல நேரம் வெளியே தெரியாது, இதயம் தடுமாறும்போதுதான் தெரியும்.

அறுவையில் ரத்தம் கசியும் எலும்பு வரும்வரை சுரண்டியாக வேண்டும். அண்ணத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கும் தகட்டை அளவு பிசகாமல் செய்த பல் தொழில்நுட்பர்களால்தான் கஞ்சி மூக்கில் ஏறாமல் இறங்குகிறது, பேச்சும் புரிகிறது.

வீட்டாரே, சர்க்கரையை நேரம் தவறாமல் பார்த்தீர்கள், நன்றி. பூஞ்சைக்கான போசகோனசோல் மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள். வலி நின்றதென்று நீங்களாக நிறுத்தவேண்டாம், ஸ்கேன் பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
முகத்தாடை அறுவைப் பிரிவினர்