டெக்சாஸ் போகப் போகும் என் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. நீயும் உன் தோழிகள் இரண்டு பேரும் பிப்ரவரியில் கால்கரியிலிருந்து டெக்சாஸ் போய், ஒரு கைடு வைத்துக் காட்டுப்பன்றி வேட்டை ஆடப் போகிறீர்கள். நான் "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சொல்ல நிறைய இருந்தது. போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

"நம் ஆல்பர்டா மாகாணத்திலேயே பன்றி இருக்கிறதே, எதற்கு அவ்வளவு தூரம்?" என்று உன் அம்மா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். 1980களிலும் 90களிலும் பண்ணைகளில் வளர்க்கக் கொண்டுவந்த பன்றிகள் வேலி தாண்டிப் போய் மேற்கு மாகாணங்களில் பெருகியிருக்கின்றன. ஆனால் இங்கே அவை இன்னும் பரவிக்கொண்டிருக்கிற நிலையில் இருக்கின்றன. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை நாலா பக்கமும் சிதறி, போன இடத்தில் புதுக் கூட்டம் போடும், அதற்கப்புறம் மனித வாடை பட்டாலே ஒளிந்துகொள்ளும். அதனால்தான் முழுக் கூட்டத்தையும் பெரிய கூண்டில் அடைத்துப் பிடிப்பதே சரியான வழி என்கிறார்கள். கனடாவிலேயே ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 முதல் காட்டுப்பன்றி வேட்டைக்கே தடை. எல்லைக்கு அந்தப் பக்கம் மொன்டானாவிலும் சுடக்கூடாது. டெக்சாஸ் கதை வேறு. அங்கே 20 லட்சத்துக்கும் மேல் பன்றிகள், சிதறடிக்கக் கூடாது என்று கவலைப்படும் கட்டம் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. 1500களில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றிகளும், 1930களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து உண்டான இனம் அது. ஒரு பெண் பன்றி ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். ஆண்டுதோறும் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தால்தான் எண்ணிக்கை அப்படியே நிற்குமாம். விதைத்த சோளத்தை வரிசை பிடித்து ஒரே இரவில் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். அதனால் தனியார் நிலத்தில் சீசன் கிடையாது, இத்தனைதான் என்ற கணக்கு கிடையாது, இரவிலும் சுடலாம். நில உரிமையாளர் அனுமதி இருந்தால் 2019 முதல் வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்கும் அதே விதிதான்.

பிப்ரவரி என்று நீ சொன்னது எனக்குப் பிடித்தது. ஜனவரி வரை அங்கே மான் சீசன், ராஞ்ச் எனப்படும் பெரிய மேய்ச்சல் பண்ணைகள் எல்லாம் மான் வேட்டைக்காரர்கள் கையில் இருக்கும், வாடகையும் ஏறியிருக்கும். மார்ச் ஆகிவிட்டால் வெயில் ஏறும், பாம்பும் உண்ணியும் வெளியே வரும். பன்றிக்கு வியர்க்காது, சூடு வந்தால் பகல் முழுக்கச் சேற்றிலே படுத்துக் கிடக்கும். குளிர் நாளில்தான் சாயங்காலமே நடமாடும்.

இப்போது துப்பாக்கி. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். உன் ரைஃபிளைக் கொண்டுபோகப் போகிறேன் என்றாய். இந்தத் தடவை வேண்டாம் அம்மா.

காரணம் சொல்கிறேன். முதல் தடவை நான் டெக்சாஸ் போக ஏற்பாடு செய்தபோது என் 308 ரக ரைஃபிளைத்தான் எடுத்துப் போவேன் என்று பிடிவாதமாக இருந்தேன், பத்து வருஷம் கையில் பழகிய துப்பாக்கி. கனடாக்காரர் துப்பாக்கியோடு அமெரிக்காவுக்குள் போக வேண்டுமென்றால் துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் அமெரிக்கத் துறையான ஏடிஎஃப்பிடம் '6என்ஐஏ' என்ற ஃபார்மைப் போட்டு, முன்கூட்டியே அனுமதி வாங்கி, அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் நேரம் பிடிக்கும். ஆறு முதல் எட்டு வாரமாவது கையில் இருக்க வேண்டும். நான் நாலு வாரம் முன்னால் அனுப்பினேன். துப்பாக்கியின் சீரியல் நம்பரில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டிருந்தேன், திருத்திக் கேட்டுத் திரும்ப வந்தது. அனுமதி வந்து சேர்ந்தபோது பயணத் தேதி தாண்டி ஒன்பது நாள். டெபாசிட் கட்டியிருந்த இடத்தில் தேதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். அப்படித்தான் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், நான் படிக்கவில்லை. பணம் போனதைவிட, உன் மாமா லீவு போட்டுக் காத்திருந்தாரே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. பன்றிக்கு டெக்சாஸ் லைசென்ஸ் கேட்காது, ஆனால் அந்த ஃபார்முடன் ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் நகலைச் சேர்த்து அனுப்புவதுதான் வழக்கம். டெக்சாஸில் வெளியூர்க்காரர்களுக்கு ஐந்து நாள் லைசென்ஸ் ஒன்று உண்டு, நான் வாங்கியபோது 48 டாலர். கால்கரி விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே சோதனை போடுவார்கள், அதாவது பேப்பர் சரியில்லை என்றால் விமானம் ஏறும் முன்பே உன் பயணம் முடிந்தது. புறப்படும் முன் கனடா எல்லை அதிகாரிகளான சிபிஎஸ்ஏவிடம் துப்பாக்கியின் சீரியல் நம்பரைக் காட்டி ஒரு அட்டை வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது இது என்னுடையதுதான் என்று நிரூபிக்கலாம். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உன் கனடா லைசென்ஸ், அதாவது பிஏஎல், கையிலேயே இருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுன்டரில் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும், தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது. இத்தனையையும் ஒரு தடவை செய்து பழகிக்கொள்வது நல்லதுதான், அடுத்த வருஷம் செய்யலாம். முதல் பயணத்தில் இதெல்லாம் உன் தலையில் இருந்தால் காட்டைப் பார்க்க மாட்டாய்.

கைடிடமே துப்பாக்கி வாடகைக்கு வாங்கிக்கொள். இரண்டாவது தடவை நான் அதைத்தான் செய்தேன், கையை வீசிக்கொண்டு போனேன். பெரும்பாலும் தெர்மல் ஸ்கோப், அதாவது இருட்டிலும் உடல் சூட்டை உருவமாகக் காட்டும் குறிநோக்கி, மாட்டிய ஏஆர் ரகத் துப்பாக்கிதான் தருவார்கள். 2020ல் கனடா அந்த ரகத்தைத் தடை செய்தபிறகு இங்கே நீ அதைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை, அதனால் முதல் நாள் பகலிலேயே அவர் ரேஞ்சில் இருபது தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்பே பேசி வை. முனையில் சைலன்சர் இருக்கும், அங்கே அது சட்டப்படி சரி, இங்கே தடை செய்யப்பட்ட பொருள். திரும்பும்போது பையில் ஆசைக்கு வாங்கிய மேகசின், உதிரிப் பாகம் எதுவும் இருக்கக் கூடாது. இன்னொன்று, உன் தோழிகளுக்கும் சொல். கஞ்சா இங்கே 2018 முதல் சட்டப்படி சரி, அமெரிக்க மத்திய சட்டத்தில் இல்லை, அதைப் பயன்படுத்துபவர் அங்கே துப்பாக்கி வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வரலாம். அப்பா இதையெல்லாம் பேசுகிறாரே என்று சங்கடப்படாதே.

கைடைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றுதான்: அடிபட்ட பன்றி ஓடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேள். உடனே விவரமாகப் பதில் சொல்பவரோடு போ. "அதெல்லாம் நடக்காது" என்பவரை விட்டுவிடு. அப்புறம் வேலி போட்டு அடைத்த இடமா, திறந்த நிலமா, காயம் பட்டுக் கிடைக்காவிட்டாலும் காசு உண்டா, பெரிய ஆண் பன்றிக்குத் தனிக் கட்டணமா, தெர்மல் வாடகை சேர்ந்ததா, தேதி மாற்றலாமா, இவற்றை எழுத்திலேயே வாங்கு. ஹெலிகாப்டர் வேட்டை என்று ஒன்று காட்டுவார்கள், அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, முடிவு உன்னுடையது.

ஏன் அந்தக் கேள்வி என்று கேட்பாய். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அந்த இரண்டாவது பயணத்தில், முதல் இரவு, காற்றுக்கு எதிராக நடந்து ஒரு வயலோரம் போய் நின்றோம். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு அபாரம், காற்று ஒரு நொடி திரும்பினாலும் வயல் காலியாகிவிடும். முதலில் சத்தம்தான் வந்தது, இருட்டுக்குள்ளிருந்து சோளத்தைக் கடிக்கும் சத்தம், நறுக் நறுக்கென்று, பத்துப் பதினைந்து வாய். ஸ்கோப்பில் பார்த்தால் கறுப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாக உருவங்கள், நடுவே குட்டிகள் ஓடுகின்றன. கைடு என் தோளில் கை வைத்து, ஓரத்தில் தனியாக நின்ற பெரிய ஆண் பன்றியைக் காட்டினார். நான் மானைச் சுட்டுப் பழகியவன். தோளுக்குப் பின்னால், உடம்பின் நடு உயரத்தில் சுட்டேன். பன்றிக்கு அது தப்பு. அதன் இதயமும் நுரையீரலும் மானைவிடக் கீழே, இன்னும் முன்னால், முன்னங்காலுக்கு நேர் மேலே இருக்கின்றன. முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்மேல் கெட்டியான கேடயம் போலத் தோல் வேறு. பன்றி உலுக்கிக்கொண்டு மெஸ்கீட் புதருக்குள் ஓடியது. மெஸ்கீட் என்றால் நம் சீமைக்கருவேலத்தின் இனம்தான், அதே முள்.

நான் பின்னால் போகக் கால் எடுத்தேன். கைடு என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அரை மணி நேரம் பேசாமல் நின்றோம். அப்புறம் அவர் முன்னால், நான் பின்னால், டார்ச் வெளிச்சத்தில் இலைகளில் ரத்தத் துளி தேடி மூன்று மணி நேரம். கடைசியில் அது ஒரு ஓடைக் கரையில் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, எழ முயன்றது, கோரைப்பல் வெளிச்சத்தில் தெரிந்தது. அவர்தான் முடித்தார். என் அவசரத்தால் அது பட்ட பாடு மூன்று மணி நேரம். அந்த மூச்சுச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கும்.

அதனால் சொல்கிறேன், முன்னங்கால் மேலே ஏறும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வை. பன்றி பக்கவாட்டில் முழுசாக நிற்கும்வரை விரல் ட்ரிகரில் போக வேண்டாம். பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பார், தோட்டா ஊடுருவிப் போய் அதையும் காயப்படுத்தும். சந்தேகமா, சுடாதே. சுடாமல் திரும்பி வந்த இரவுக்காக யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள், நான் நினைக்கவே மாட்டேன்.

அறுக்கும்போது கையுறை இல்லாமல் தொடாதே. புருசெல்லோசிஸ் என்ற கிருமி நோய் பன்றியின் ரத்தத்தின் வழியாகக் கையில் இருக்கும் சின்னக் கீறலில்கூட ஏறும், மாதக்கணக்கில் காய்ச்சல் படுத்தும். கொழுப்பு நீலமாகத் தெரிந்தால் அந்தப் பன்றியை யாரும் தொட வேண்டாம், அது விஷத் தீவனம் தின்றது, அடையாளத்துக்குச் சாயம் கலந்திருப்பார்கள். இறைச்சியை உள்ளே 71 டிகிரி வரும்வரை வேக வைத்து அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மீதியை ராஞ்ச் ஆட்களிடம் கொடுத்துவிடு, எல்லை தாண்டிக் கொண்டுவர யோசிக்கவே வேண்டாம். பூட்ஸை மண் துளிகூட இல்லாமல் கழுவிவிட்டு வா, திரும்பும்போது எல்லை அதிகாரிகளிடம் பண்ணைக்குப் போனேன் என்று உள்ளதைச் சொல். காப்பீட்டில் வேட்டைக்கு விலக்கு இருக்கிறதா என்று இந்த வாரமே கேள்.

கடைசியாக, போனை வைக்கும்போது "நீங்களும் வரலாமே அப்பா" என்று மெல்லக் கேட்டாய். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். முழங்கால் இப்போது இரவில் வயல் வயலாக நடக்க விடாது. ஆனால் மறைவில் உட்கார்ந்து பார்க்க முடியும், அதற்கு நடை வேண்டாம். சுடாமல் கூட வந்து உட்காருபவருக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று கைடிடம் கேட்டுச் சொல். உன் தோழிகளுக்கு அதில் சங்கடம் இல்லை என்பதையும் முதலில் கேட்டுக்கொள். பிப்ரவரி இரண்டாவது வாரம் எனக்கு வசதி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அப்பா