இரண்டரை வயதுக்கு எதற்குத் தெர்மாகோல் மயில்?

பிளே ஸ்கூல் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலையானால் வாட்ஸ்அப் குரூப்பில் ‘கிராஃப்ட் ஆக்டிவிட்டி’ வந்துவிடுகிறது. தெர்மாகோல் வீடு, ஜிகினாத்தூள் மயில், பிளாஸ்டிக் கண் ஒட்டிய மீன். செய்வது யாரென்று உங்களுக்கும் தெரியும். ஞாயிறு இரவு பிள்ளை தூங்கிய பிறகு ஃபெவிகாலோடு உட்காரும் அம்மாதான். திங்கட்கிழமை மயில் நோட்டீஸ் போர்டில் ஏறிவிடும். பிள்ளையின் விரல்களுக்கு அதில் ஒரு வேலையும் இருந்திருக்காது.

மழலையர் வகுப்பெடுக்கும் நாங்கள் கேட்பது இதுதான்: பிள்ளை தானே செய்யக்கூடியதை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

கிழிப்பதில் தொடங்கலாம். கத்தரிக்கோல் பிடிக்கும் முன் விரல்கள் காகிதம் கிழித்துப் பழக வேண்டும். ஒரு கை முன்னே வர, மறு கை பின்னே போக வேண்டும், அதுதான் பாடம். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும், குறுக்கே இழுத்தால் கோணிக்கொண்டு போகும். நார் ஓடும் திசை அப்படி. விளிம்பில் 1 செ.மீ. அளவுக்குப் பெரியவர்கள் ஒரு வெட்டுப் போட்டுத் தரட்டும். அது இல்லாதபோதுதான் பிள்ளை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தாளை வீசும்.

கிழித்ததை ஒட்ட மைதா பசை போதும். 2 மேஜைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம் அடுப்பில் ஏற்றிக் கிளற வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். இரண்டொரு நாளில் புளித்துவிடும், கொஞ்சமாகவே காய்ச்சச் சொல்லுங்கள்.

அச்சுக்கு வெண்டைக்காய். முற்றல் காயாக வாங்கி, காம்புப் பக்கம் 5 செ.மீ. விட்டு நறுக்கினால் காம்பே கைப்பிடி. வெட்டிய முகத்தைத் துணியால் ஒற்றியெடுக்காவிட்டால் கொழகொழப்பில் சாயம் வழுக்கி, பூ விழ வேண்டிய இடத்தில் வெறும் கறைதான் விழும். சாயத்தைக் கிண்ணத்தில் வைக்காமல், தட்டில் ஈர ஸ்பான்ஜ் மேல் ஊற்றி வைத்தால் அளவாக ஒட்டும். பீட்ரூட் சாறும் மஞ்சள் தண்ணீரும் போதும். சட்டையில் மஞ்சள் பட்டால் துவைத்து வெயிலில் போடட்டும், மங்கிவிடும்.

பிசையும் மாவுக்கு 1 கப் மைதா, அரை கப் உப்பு, 1 மேஜைக்கரண்டி எண்ணெய், ஏறக்குறைய அரை கப் தண்ணீர். தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றினால் கையில் பிசுபிசுக்கும்; எண்ணெய் குறைந்தால் வெடிக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் மழைநாளில் திறந்து வைத்த மாவு நசநசத்துவிடும். மூடி இறுக்கமான டப்பா வேண்டும். எதையும் வாயில் வைக்கும் வயதென்றால் இந்த மாவே வேண்டாம், இவ்வளவு உப்பு உள்ளே போகக்கூடாது. அன்றைக்குப் பிசைந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை கொடுக்கலாம்.

3 வயது தாண்டிய, எதையும் வாயில் வைக்காத பிள்ளைக்குக் கிரேயான் முழுதாக வேண்டாம். விரல் நுனியளவு உடைந்த துண்டைக் கொடுங்கள். உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க இடமிருக்காது, விரல்களால்தான் பிடித்தாக வேண்டும். வட்டத்தைப் பார்த்து வரைவதே பொதுவாக 3 வயதில்தான் வரும். அதற்கு முன் ‘கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டு’ என்று தாள் அனுப்புவது வீண்.

ஜிகினா, மணி, பிளாஸ்டிக் கண், புளியங்கொட்டை, கொண்டைக்கடலை இவற்றை 3 வயதுக்குக் கீழ் பட்டியலில் சேர்க்காதீர்கள். சுமார் 3 செ.மீ. அகலக் குழாய்க்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கலாம். மூக்கில் போன கடலை ஊறிப் பெருத்துவிடும். குன்றிமணி எந்த வயதுக்கும் கூடாது, அது விஷம்.

நோட்டீஸ் போர்டில் இனி கோணல் கிழிசல்களையும் அரைகுறை வெண்டைப் பூக்களையும் அப்படியே குத்துங்கள். ஓரத்தைச் சரிசெய்ய வேண்டாமென்று ஆயாவிடமும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியைகள் சிலர்