வேலையை விடும் முன் ஒரு கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் பணியில் இறங்கலாமா என்று எங்கள் தண்டையார்பேட்டை இளைஞர்கள் கேட்கும்போது, கையில் எத்தனை மாத வாடகை இருக்கிறது என்றே நான் முதலில் கேட்கிறேன். திறமை பற்றிய பேச்சு பிறகுதான். முதலாளி தம் பங்காகச் செலுத்தும் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதியும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் நின்றுபோகும் என்பதால், பழைய சம்பளத்துக்கு இணையாக வந்தால் போதும் என்று கணக்கிடுவது தவறு.

ஆண்டர்சன் தெரு அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்துதரும் எனக்கு, ஒரு வாடிக்கையாளர் ஏழு மாதம் பணம் தராமல் இழுத்தடித்தார். உத்யம் என்னும் மத்திய அரசின் தொழில் பதிவு பெற்ற குறுந்தொழில் செய்வோருக்கு, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே முன்பணம் கேட்க நா எழாதவர்களுக்கு இத்தொழில் ஒத்துவராது என்பது என் கருத்து. (வீட்டிலிருந்தே வேலை செய்பவரைச் சும்மா இருப்பதாக எண்ணி வீட்டார் ரேஷன் கடைக்கு அனுப்புவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

சம்பள வேலையில் இருந்தபடியே, அலுவலக விதிகள் அனுமதித்தால், மாலை நேரங்களில் ஆறு மாதம் செய்துபார்த்து, இரண்டாம் முறையாகத் தேடிவரும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.