'முன்பின்' என்ற ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குழந்தை நலப் பக்கத்தில், "தடுப்பூசி ஒன்றிரண்டு மாதம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை" என்று ஒரு வரி. தினமும் தடுப்பூசி அட்டையும் கையுமாக நிற்கிறவர்களுக்கு அதைத் தாண்டிப் படிக்க மனம் வரவில்லை. முந்துவதும் பிந்துவதும் வேறு வேறு தவறு என்பது தாங்கள் அறியாததல்ல.

கக்குவான் இருமல் முதல் சில மாதங்களில்தான் உயிருக்கு உலை வைக்கும். அந்த வயதில் 'கக்'கென்று இருமக்கூடத் தெம்பிருக்காது; மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துவிடும். கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணையை ஆறாவது வாரத்திலேயே வைத்திருப்பது அதனால்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான ஊசிக்கோ பிறந்து 24 மணி நேரம்தான் கெடு. பிரசவத்தில் தாயிடமிருந்து அந்தக் கிருமி தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். இங்கே எந்த ஒன்றிரண்டு மாதத்தைச் சொல்கிறீர்கள்?

முந்தினாலும் கேடுதான். தட்டம்மை ஊசியை ஒன்பது மாதத்துக்கு முன்பே போட்டால், தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி மருந்திலுள்ள கிருமியை வேலை செய்யவிடாமல் அழித்துவிடலாம். நோய் பரவும் காலத்தில் ஆறாம் மாதத்திலேயே போடுவதுண்டு. அது கணக்கில் சேராது, ஒன்பதாம் மாதத்தில் மறுபடி போட வேண்டும். பென்டாவேலன்ட் தவணைகளுக்கு இடையே நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். ஊருக்குப் போகிறோம் என்று மூன்றாவது வாரமே வந்து நிற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரும்பாடு. இப்போது உங்கள் பத்திரிகையை நீட்டுகிறார்கள்.

இது முதல் முறையுமல்ல. தவணை தவறினால் "முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்று முன்பு ஒரு கேள்வி பதிலில் எழுதினீர்கள். வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். அதைப் படித்துப் பயந்தவர்கள் வராமலே நின்றுவிட்டால் யார் பொறுப்பு? இன்னொரு இதழில் "சளி பிடித்திருந்தால் தள்ளிப்போடுங்கள்" என்று வந்தது. சாதாரணச் சளிக்கும் லேசான காய்ச்சலுக்கும் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அட்டைப் படத்தில் கைக்குழந்தைக்கு இடுப்பில் ஊசி போடுவதைக் காட்டினீர்கள். அங்கே கொழுப்பு அதிகம், நரம்பும் ஓடுகிறது. அதனால் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில்தான் போடுகிறோம். இரண்டு முறை எழுதியும் ஒரு வரி திருத்தம் வரவில்லை. எங்கள் கடிதம் அந்த அளவுக்குக்கூடத் தகுதியற்றதா என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் "ஊசிக்குக் குறித்த நாளுக்கு முன்னதாகப் போகாதீர்கள், நாள் தவறியிருந்தால் நாளைக்கே அட்டையோடு போங்கள்" என்று இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பிரிவுச் செவிலியர் ஒருவர்