ஐயாவின் பார்களை எழுதி வை

மச்சான்,

சித்திரைக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபமாக இருப்பதாகச் சிவா சொன்னான். கோபப்படு, நியாயம்தான். வெள்ளவத்தையில் எல்லாரும் சுகம், அம்மாவுக்கு மட்டும் மழை வந்தால் முழங்கால் வலி. உன் தேங்காய்க் கதையை மகளுக்கும் சொல்லிவிட்டேன், இனி நீ கொழும்புக்கு வந்தால் தப்ப முடியாது.

சரி, விஷயம் இதுதான். போன கிழமை முகத்துவாரத்துக்கு வெளியே, களனி கங்கை கடலில் விழுகிற இடத்தில் கடற்தரையின் ஆழத்தை அளக்கிற ஒரு சர்வே. மல்டிபீம் சோனாரைப் படகின் பக்கத்தில் பூட்டி, வயல் உழுகிற மாதிரிப் போயும் வந்துமாக ஓடுவோம். அது நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை விசிறிபோல விரித்துக் கீழே அனுப்பும், ஒவ்வொன்றும் தரையில் பட்டுத் திரும்புகிற நேரம்தான் ஆழம். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும், 30 மீற்றர் ஆழத்துக்குப் போய்வர 0.04 விநாடி. அந்த வேகத்தைக் காலையிலேயே கருவி இறக்கி அளந்துவிட்டோம். ஆனால் முதல் நாள் மலைநாட்டில் கொட்டிய மழை மத்தியானம்தான் ஆற்றோடு வந்து சேர்ந்தது. திரையில் தட்டையான மணல் தரை, பொரித்த அப்பளம்போல ஓரம் வளைந்து வருகிறது, பக்கத்து ஓட்டத்தில் அளந்த பட்டையோடு பொருந்தவே இல்லை. நான் வயர், பூட்டு என்று ஒரு மணித்தியாலம் சோதித்துக்கொண்டிருந்தேன். படகோட்டி அண்ணை பேசாமல் குனிந்து, தேயிலைச் சாயம்போல ஓடிய தண்ணீரைக் கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "தம்பி, இதில் உப்பே இல்லையே."

உப்புக் குறைந்தால் ஒலி மெதுவாகும். மேலே ஆற்றுத் தண்ணீர், கீழே கடல் தண்ணீர் என்று இருந்தால் சாய்ந்து போகிற கற்றை வழியில் வளைந்துவிடும், நேரே இறங்குவது ஓரளவு தப்பும், ஓரம்தான் கெடும். கருவியை மறுபடி இறக்கிப் புது அளவைப் போட்டதும் தரை அடங்கிப் படுத்தது.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை, உங்கள் ஐயாவின் நினைவுதான். வல்வெட்டித்துறையில் எங்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவாரே, ஈயக்கட்டியின் அடிக்குழியில் சவர்க்காரத்தை அப்பி இறக்கி, கயிற்று முடிச்சை விரலால் எண்ணி "ஏழு பாகம்" என்பார், ஒரு பாகம் என்றால் விரித்த இரண்டு கை நீளம். இழுத்தால் சவர்க்காரத்தில் மணலும் சிப்பித் துண்டும் ஒட்டியிருக்கும். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பார், அதுதான் அந்தக் கடலடிப் பாறைத்திட்டு, வரும் என்பார். வந்தது மச்சான், ஒவ்வொரு முறையும் வந்தது. எந்தக் கோபுரமும் எந்தப் பனையும் ஒரு நேருக்கு வந்தால் எந்தப் பார் என்று அவருக்கு மனப்பாடம்.

2025 வரைக்கும் உலகக் கடற்தரையில் 27 சதவீதம் அளவுதான் சோனார் வைத்துச் சரியாக அளக்கப்பட்டிருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் செயற்கைக்கோள் கடல்மட்டத்தைப் பார்த்து ஊகித்தது, சில கிலோமீற்றருக்குச் சின்னதாக இருக்கிற எதுவும் அதில் தெரியாது. அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில் சுமார் ரெண்டாயிரம் வருஷப் பழைய கப்பலை 2003இல் கண்டது உள்ளூர்ச் சுழியோடிகள், எந்த சோனாரும் இல்லை. ஐயாவின் தலைக்குள் இருக்கிற வரைபடம் எங்கேயும் எழுதப்படவில்லை, அவருக்கோ எண்பது தாண்டிவிட்டது. இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் ஒரு கொப்பி வாங்கு. நாளைக்கே. பாரின் பெயர், எத்தனை பாகம், அடியில் கல்லா சேறா, கரையில் எது எதற்கு நேர். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுது, நீ திருத்தாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பெயர் மறந்துபோனால் விட்டுவிட்டு அடுத்த நாள் கேள். மாசியில் உங்கள் பக்கக் கடல் அடங்கினதும் நான் சின்ன எதிரொலிமானி ஒன்றோடு வருகிறேன், அவரை வள்ளத்தில் ஏற்றி ஒவ்வொன்றுக்கும் போவோம்.

அந்த ஈயக்கட்டி வீட்டோரப் பத்தியில் எங்கேயாவது கிடக்கும். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதே.

ரமணன்